ஐம்பது ஆண்டுகள் ஓடிய ரயில்

தென்னிந்திய ரயில்வேயின் பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினால் ராமேஸ்வரத்துக்காரர்களே கொஞ்சம் திகைத்துப்போவார்கள். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று கிழக்கு நோக்கி வரும் பாதை, கடலைத் தாண்டிப் பாம்பனில் இரண்டாகப் பிரியும். மெயின் லைன் தனுஷ்கோடிக்குப் போகும். ராமநாத சுவாமி கோயில் கொண்டிருக்கும் ராமேஸ்வரத்துக்குப் போவது வெறும் கிளை.

காசிக்கு இணையாகச் சொல்லப்படும் தலத்தை ஓரமாக விட்டுவிட்டு, ஒரு மணல் திட்டின் நுனிக்கு மெயின் லைன் போட்டதற்குக் காரணம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள்.

இன்று தனுஷ்கோடி என்றதும் யாருக்கும் நினைவுக்கு வருவது 1964 டிசம்பர் 22 இரவுதான். புயல், பேரலை, பயணிகளோடு மூழ்கிய ரயில். சுற்றுலா வீடியோக்கள் ‘பேய் நகரம்’ என்று தலைப்பு வைக்கின்றன. இன்றும் அங்கே குடிசை போட்டு, வலை இழுத்து, பிள்ளை வளர்க்கும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அவர்கள் காதில் விழும்படியே அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அந்த ஓர் இரவுக்கு முன்னால் அந்தத் தண்டவாளத்தில் ஐம்பது ஆண்டுகள் ரயில் ஓடியிருக்கிறது. அதில் போனவர்கள் யார், எதற்காகப் போனார்கள் என்ற கதையைப் புயல் அடித்துக்கொண்டு போகவில்லை. அதைக் கேட்பாரில்லாமல் போனது பிற்பாடு நடந்தது.

எழும்பூரில் ஏறி கொழும்பில் இறங்கலாம்

1914க்கு முன்பும் சென்னைக்கும் கொழும்புக்கும் போக்குவரத்து இருந்தது. ரயிலில் தூத்துக்குடி வரை போய், அங்கிருந்து கப்பலில் ஓர் இரவு கடற்பயணம். மன்னார் வளைகுடாவின் அலையில் அந்த இரவைக் கழிப்பது சாதாரண விஷயமில்லை. ராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். அந்த முனைவரை ரயிலைக் கொண்டுபோய்விட்டால் கடற்பயணம் சுமார் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும். இலங்கை வரை பாலமே போட்டுவிடலாமா என்றுகூட ஆலோசனை நடந்தது. அது கைகூடவில்லை, பாம்பன் பாலம் கைகூடியது.

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் நீளம். கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும் ஷெர்சர் தூக்குப் பாலம் அதில் இருந்தது. அதே ஆண்டு அந்தக் கரையிலும் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை பாதை தயாரானது. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக்கொண்டு கொழும்பில் போய் இறங்கும் காலம் அப்படித் தொடங்கியது. ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் போட் மெயில்.

தனுஷ்கோடித் துறையில் ரயிலும் கப்பலும் சந்தித்தன. தென்னிந்திய ரயில்வே நீராவிக் கப்பல்களையும் தானே ஓட்டியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பிறகு இர்வின், கோஷன் என்று வைசிராய்கள், கவர்னர்கள் பெயராக வைத்திருந்தார்கள். பயணிகள் ரயிலைவிட்டு இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறுவார்கள். இந்தக் கரையில் மீட்டர் கேஜ், அந்தக் கரையில் பிராட் கேஜ். கடலுக்கு மேல் பாலம் போட்டிருந்தாலும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தபடி கொழும்பு போயிருக்க முடியாது என்பதை ரயில் ஆர்வலர்கள் இன்றும் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு துறையைச் சுற்றி ஓர் ஊர் உருவாக அதிக நாள் பிடிக்கவில்லை. ரயில் நிலையம், ரயில்வே குடியிருப்பு, சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தேவாலயம், கோயில், கடைகள், சத்திரம் எல்லாம் வந்தன. வடக்கே அமைதியான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே சீறும் மன்னார் வளைகுடா ஆண்கடல். இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர் மணலில் அந்த ஊர் இருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல்மேடுகள் இடம் மாறும் நிலம் அது. அங்கே ஒரு ரயில் பாதையைக் காப்பாற்றி வைத்திருப்பது என்றால் ஆண்டு முழுக்க மணலோடு மல்லுக்கட்டுவதுதான்.

கழுத்தில் தகரத் துண்டு

முதல் வகுப்பில் தோட்டத் துரைமார்கள் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த மாணவர்கள் போய்வந்தார்கள். போட் மெயில் சிதம்பரம் வழியாக ஓடியதால், 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு அது வாசலிலேயே வந்து நின்ற வண்டி. வணிகர்கள், சங்கீத வித்வான்கள், நாடகக் கம்பெனிக்காரர்கள், தபால் பைகள் எல்லாமே இந்த வழிதான். வடநாட்டிலிருந்து வந்த யாத்ரீகர்களுக்கு சேது தீர்த்தத்தில் முழுக்குப் போடாமல் காசி யாத்திரை நிறைவடையாது. அவர்களுக்கும் தனுஷ்கோடி ரயில்தான்.

ஆனால் இந்தப் பாதையைப் போட வைத்தவர்கள் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, தஞ்சைப் பகுதிகளின் வறண்ட கிராமங்களிலிருந்து, தோட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கங்காணி திரட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள். அவர்கள் வாயில் அது இலங்கைகூட இல்லை, கண்டிச்சீமை.

1901 முதல் நடைமுறையில் இருந்த ஓர் ஏற்பாட்டை இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரத் துண்டு ஒன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் தரப்படும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். டிக்கெட் வாங்கப் பணம் தேவையில்லை. ரயில், கப்பல், வழிச் சாப்பாடு எல்லாச் செலவும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகத்துக்கு இது வசதியான ஏற்பாடு. போகிறவருக்கோ, முதல் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே கடன் தொடங்கிவிட்டது என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், கழுத்தில் யாருடைய எண்ணையோ தொங்கவிட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக ரயிலையும் கடலையும் ஒருசேரப் பார்த்தது இந்தப் பாதையில்தான்.

அவர்கள் நேரே கப்பலேறிவிடவும் முடியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்தில் ஒரு முகாம். காலரா, அம்மை, பிளேக் இலங்கைக்குப் போய்விடாமல் தடுக்க, தொழிலாளர்களை அங்கே சில நாள்கள் நிறுத்திவைத்து, உடம்பைப் பரிசோதித்து, ஊசி போட்டு, துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்து அனுப்பினார்கள். முதல் வகுப்புப் பயணிகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

இதையும் மீறி, ரயில் வந்தது ஒரு விடுதலை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறைகள் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாகப் போனவர்கள். வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. மலையகத் தமிழர்களின் வாய்மொழி நினைவுகளில் அந்த நடை இன்றும் இருக்கிறது. தனுஷ்கோடி ரயில் அந்த நடையைச் சில மணி நேரமாகச் சுருக்கியது, உயிர்களைக் காத்தது. அதே ரயில்தான் ஆள்பிடிப்பை இன்னும் எளிதாகவும் ஆக்கியது.

1939 ஆகஸ்டில் தோட்டக் கூலிகளாக இலங்கைக்குப் போவதற்கு இந்திய அரசு தடை விதித்தது. அதோடு புதிதாகப் போகிற கூட்டம் குறைந்தது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் கல்யாணம், கருமாதி, குலதெய்வக் கும்பிடு என்று வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக ஆனார்கள். துறையில் இப்போது மூட்டையை மட்டும் பிரித்துப் பார்ப்பதில்லை, காகிதத்தைக் கேட்டார்கள். காகிதம் இல்லாமல் கடல் தாண்டியவர்களுக்குக் ‘கள்ளத்தோணி’ என்ற பட்டம் கிடைத்தது.

ஓடும் ரயிலிலிருந்து விழுந்த கட்டுகள்

இந்தப் பாதையின் நினைவுகளில் ஊரறிந்த ஒன்று ஒரு சிறுவனுடையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்பது ரத்தானது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே வீசினார்கள். ராமேஸ்வரத்தில் பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினருக்கு அந்தக் கட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்போது எட்டு வயதை ஒட்டியிருந்த அப்துல் கலாமுக்கு அந்த வேலை கிடைத்தது. தன் முதல் சம்பாத்தியம் அதுதான் என்று பின்னாளில் பெருமையோடு எழுதினார். போர்ச் செய்தி அந்தத் தீவுக்குள் வந்த விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறு இல்லை. உலகம் பற்றியெரிகிறது, மணல் மேல் ஒரு பையன் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

கடலும் அந்த நாள்களிலேயே எச்சரிக்கை விட்டுக்கொண்டிருந்தது. 1948, 49 ஆண்டுகளில் தனுஷ்கோடியின் தென்பகுதியில், கரையை ஒட்டிய ஒரு நீண்ட பட்டை சில மீட்டர் கீழே இறங்கி நீருக்குள் போனதாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பின்னர் கண்டறிந்தது. வீடுகளும் வழிபாட்டிடங்களும் அதோடு போயின. மிச்ச ஊர் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி வாழ்க்கையைத் தொடர்ந்தது. ரயிலும் தொடர்ந்தது.

வண்டி எண் 653

1964 டிசம்பர் மூன்றாவது வாரத்தில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு நிலை புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியா அருகே கடந்து, அன்று நள்ளிரவு பாம்பன் கரையைத் தாக்கியது. அதே இரவு 11.55க்கு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653, ஆறு பெட்டிகளோடு கிளம்பியிருந்தது. பதிவேட்டின்படி பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்பார்கள்.

தனுஷ்கோடி எட்டும் தூரத்தில் சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் நிறுத்திக் காத்திருந்தார். எந்த அறிகுறியும் வராததால் விசிலடித்துவிட்டு மெதுவாக முன்னே நகர்த்தினார். இருட்டில் எழுந்து வந்த அலை ஆறு பெட்டிகளையும் புரட்டியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் செய்தி வெளியே தெரியவே நேரம் பிடித்தது. ராமேஸ்வரத்தில் கோயில் பிராகாரங்கள்தான் நூற்றுக்கணக்கானோருக்கு அடைக்கலம் தந்தன. அந்தப் புயலில் மாண்டோர் மொத்தம் 1,800 பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அரசு தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது.

பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் கிடந்தன. ஷெர்சர் தூக்குப் பாலம் மட்டும் தப்பி நின்றது. மராமத்துப் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ என்று நாடறிந்த அதே ஸ்ரீதரன். ஆறு மாதம் என்று முதலில் போட்ட கெடு மூன்று மாதமாகக் குறைந்தது. மூழ்கிய கர்டர்களையே தூக்கி எடுத்துத் திரும்பப் பொருத்தி, 46 நாளில் வேலையை முடித்தார். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பி வந்தது. பாம்பனுக்குக் கிழக்கே பிரிந்த மெயின் லைனை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. கிளையாக இருந்தது கடைசி நிலையமானது. மெயின் லைனாக இருந்தது வரைபடத்திலிருந்து அழிந்தது.

இரண்டு மாத இடைவெளி

புயலுக்கு முன்னால், இரண்டு மாதம்கூட முழுசாக இடைவெளி இல்லாத ஒரு நாள், 1964 அக்டோபர் 30. அன்றுதான் டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக நின்ற சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். மிச்சமிருந்தவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பேசப்பட்டவர்களில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

தாத்தாவும் பாட்டியும் தகரத் துண்டோடு போன வழியிலேயே பேரப்பிள்ளைகள் திரும்பி வந்திருப்பார்கள். அந்த வழி அதற்குள் கடலோடு போய்விட்டது. இந்தப் பாதையின் வரலாற்றில் புயலைவிடக் கனமான செய்தி இதுதான். ஆனால் தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை.

ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் மறுபடி ஓடியது. ‘ராமானுஜம்’ கப்பலைத் தெரியாதவர்கள் அன்றைய தாயகம் திரும்பியோரில் இருக்க மாட்டார்கள். தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையும் கைக்குழந்தையுமாக ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னோர்களை ஊசிபோட்டு அனுப்பிய அதே மண்டபம். அங்கிருந்து பலர் நீலகிரிக்குப் போனார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் அவர்களுக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன, இன்றைய டான்டீ. கிள்ளத் தெரிந்த கைகளுக்கு மறுபடியும் கொழுந்துதான் கிடைத்தது.

இலங்கையில் நிலைமை முற்றியபோது 1984 வாக்கில் அந்தக் கப்பலும் நின்றது. பிறகு மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள் போரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவர்கள். ஒரே முகாமில் மூன்று காலத்துப் பெயர்வுகள்.

மிஞ்சியிருப்பது

முகுந்தராயர் சத்திரம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மணலிலும் தண்ணீரிலும் வேனில் குலுங்கிக்கொண்டு போன காலம் 2017இல் முடிந்தது. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. சாலை ஓரத்திலேயே பழைய ரயில் நிலையத்தின் வளைவுத் தூண்கள் சில நிற்கின்றன. கொஞ்சம் தள்ளித் தண்ணீர்த் தொட்டியின் மிச்சம். தேவாலயத்தின் கூரை போய்விட்டது, சுவர்கள் இருக்கின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால் அவை செங்கல் சுவர்கள் இல்லை என்பது புரியும். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப் பாறைக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் மூளையின் மடிப்புபோல வரி வரியாக ஓடும் கோடுகள், விரல் வைத்தால் சொரசொரக்கும். உப்புக்காற்று அரித்த இடங்களில் மாவாக உதிரும். வருகிறவர்கள் அதில் ஆணியால் பெயர் கீறிவிட்டுப் போகிறார்கள். கைக்கெட்டும் உயரம் வரை கீறல்கள். ஒரு வேலியோ, காவலோ, ‘இது என்ன இடம்’ என்று விரிவாகச் சொல்லும் பலகையோ அந்த இடத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

கரையில் மீனவப் பெண்கள் மணலைத் தோண்டுவதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் உப்புக்கடல். நடுவே மூன்று நாலடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஊற ஊற மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண்கள் கரைவலை இழுக்கிறார்கள். ‘தகுதியற்ற இடம்’ என்று அரசு எழுதிய பிறகும் திரும்பி வந்தவர்கள் இவர்கள்.

ரயிலைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சும் இருந்தது. 2019 மார்ச் 1 அன்று ராமேஸ்வரம் – தனுஷ்கோடி புதிய பாதைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சுமார் 17 கிலோமீட்டர். தண்டவாளம் இன்னும் வரவில்லை. கடலோரச் சூழல் தாங்காது என்ற தயக்கங்கள் வலுவாக எழுந்தன, அவற்றில் நியாயம் இருக்கிறது. 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியைப் பூநாரைகளின் சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறது. மணல் நகரும், நிலம் இறங்கும், பறவை வந்து தங்கும் ஒரு திட்டில், சுற்றுலாவுக்கென்று மட்டும் ஒரு ரயிலை ஓட்டுவதற்குத் தேவை என்ன என்பதைத் திட்டம் போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். அன்று அந்த ரயில் போனதற்குக் கப்பல் இருந்தது. கப்பலுக்கு மறுகரை இருந்தது.

மறுகரையில் ரயில் திரும்பிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். போரில் 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. 2015 மார்ச் 14 முதல் தலைமன்னாருக்கு வண்டி ஓடுகிறது. இந்தப் பக்கம் 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தடைபட்டிருந்த ரயில் ராமேஸ்வரம் வந்துவிட்டது. எழும்பூரிலிருந்து சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக ராமேஸ்வரம் வரும் ரயிலை இன்றும் பெரியவர்கள் போட் மெயில் என்றே சொல்கிறார்கள்.

தனுஷ்கோடி பாசஞ்சரில் பத்து வயதில் பயணம் செய்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பனில் அவர்கள் இருக்கிறார்கள். கூடலூரின் தேயிலை லயன்களிலும், கடலுக்கு அப்பால் அட்டன், பதுளைப் பக்கங்களிலும் இருக்கிறார்கள். கப்பல் டிக்கெட்டின் அடிக்கட்டை, முகாமில் கொடுத்த சீட்டு, பாட்டியின் தகரத் துண்டு என்று பெட்டியின் அடியில் எதையாவது வைத்திருக்கும் வீடுகளும் இருக்கும். ரயில்வேயும், அரசு அருங்காட்சியகத் துறையும், ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளும் சேர்ந்து, இவர்கள் குரலை ஒலிப்பதிவு செய்து, அந்தப் பொருள்களைத் திரட்டி, 653ஆம் வண்டியில் போனவர்களில் பெயர் தெரிந்தவர்களின் பட்டியலோடு தனுஷ்கோடி நிலையத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு கூடத்தில் வைக்க முடியும். அதற்குத் தண்டவாளம் தேவையில்லை. ஆனால் தள்ளிப்போட இனி அதிக ஆண்டுகள் கைவசம் இல்லை.